செகண்ட் ஹேண்ட் சைக்கிளுக்கு அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 44. வீடு பெங்களூரு மர்பி டவுன், வேலை மாரத்தஹள்ளியில். பைக்கில் போகவர தினமும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதே நேரத்தில் சைக்கிளிலேயே போகலாமே என்று தோன்றுகிறது. தெரிந்தவர் மூலம் அறிமுகமான ஒரு புரோக்கர், 21 கியர், டிஸ்க் பிரேக், தடித்த டயர் வைத்த 'இம்போர்ட்டட்' செகண்ட் ஹேண்ட் சைக்கிளை 14,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். பில் இல்லையாம். வேறு ஆள் வாங்குவதற்குள் 2,000 அட்வான்ஸ் அனுப்பச் சொல்கிறார். வாங்கலாமா? லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் ஏதாவது வேண்டுமா? மழை வந்தால் மெட்ரோவில் ஏற்றிக்கொண்டு போக முடியுமா? வீட்டில் ரோட்டை நினைத்துப் பயப்படுகிறார்கள்.

பதில்: அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

பைக், கார் வாங்கினால் ஆர்.சி. இருக்கிறது. வண்டி யார் பேரில் இருக்கிறது என்று போனிலேயே பார்த்துவிடலாம். சைக்கிளுக்கு அப்படி எந்தப் பதிவும் கிடையாது. 50,000 ரூபாய் சைக்கிளாக இருந்தாலும், இது என்னுடையது என்று சொல்ல உங்கள் கையில் இருப்பவை இரண்டுதான்: கடை பில், அதில் எழுதிய பிரேம் நம்பர். இது தெரிந்த புரோக்கர்கள்தான் பில்லைப் பற்றிப் பேச்செடுத்தாலே "பழைய வண்டிக்கு யார் சார் பில் வைத்திருக்கிறார்கள்" என்று சிரிப்பார்கள்.

எங்கள் கடைக்கு ஒரு கல்லூரிப் பையன் சர்வீஸுக்கு சைக்கிள் கொண்டுவந்தான். 9,000 கொடுத்து ஒரு புரோக்கரிடம் வாங்கியது, பார்க்கப் புத்தம் புதுசு. தலைகீழாகக் கவிழ்த்தேன். இரண்டு பெடல் கட்டைகளும் சேரும் உருளையின் அடிப்பக்கத்தில் மட்டும் கறுப்பு ஸ்பிரே பெயின்ட் கொஞ்சம் மொத்தமாக இருந்தது. தின்னர் நனைத்த துணியால் தேய்த்தால், பெயின்டுக்கு அடியில் அரம் போட்ட கீறல்கள். பிரேம் நம்பர் பொறித்திருக்கும் இடம் அது. ஓர் எழுத்துகூட மிச்சமில்லை. வண்டியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னோம், ஒப்படைத்தான். புரோக்கரின் நம்பர் அதற்குள் ஸ்விட்ச் ஆஃப் ஆகிவிட்டது. பணம் போனது போனதுதான்.

திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சம்ஹிதையின் 317வது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. "எனக்குத் தெரியாது" என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் நம்பர் அரத்தால் தேய்த்திருந்தது, பில்லும் இல்லை, விலையும் பாதி என்றால் உங்களுக்குச் சந்தேகம் வரவில்லையா என்றுதான் எதிரில் இருப்பவர் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை சிக்பேட்டைப் பக்கம் கூடும் சோர் பஜாரானாலும் சரி, போனில் விளம்பரம் போடுபவரானாலும் சரி, பில் இல்லாத சைக்கிள் வேண்டாம். "ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிப் போகிறேன், அவசரமாக விற்கிறேன்" என்று அடையாள அட்டைப் படம் அனுப்புகிறவர் இருக்கிறார் பாருங்கள், அவருக்கு அந்தச் சைக்கிளே இருக்காது. உங்கள் 2,000 போன்ற அட்வான்ஸ்தான் அவர் வியாபாரம்.

உங்கள் புரோக்கர் நேர்மையானவராகவே இருக்கலாம். சோதிப்பது எளிது. பிரேம் நம்பரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முதலில் வாங்கியவரிடமிருந்து பில்லின் நகலும், விற்றதாக இரண்டு வரி எழுதிக் கையெழுத்தும் கேளுங்கள். தந்தால் பகல் வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள். நழுவினால் விட்டுவிடுங்கள்.

போய்ப் பார்க்கும்போது ஒரு ஸ்கேல் எடுத்துப் போங்கள். செயினில் ஒரு பின்னின் நடுவிலிருந்து எண்ணி, 24 கண்ணி தள்ளி வரும் பின்னின் நடு வரை அளந்தால் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அரைக்கால் அங்குலம் கூடியிருந்தால் செயின் மட்டுமில்லை, பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும், செலவு பெரிது. பிறகு சக்கரத்தைச் சுற்றிவிட்டு ரிம் ஆடுகிறதா என்று பாருங்கள். கொஞ்சம் ஆடினால் கோட்டம் எடுத்துக்கொள்ளலாம். பிரேமில் வெல்டிங் பக்கம் மயிரிழை விரிசல் தெரிந்தால் பேசாமல் வந்துவிடுங்கள்.

உண்மையில் அந்த வண்டி உங்களுக்குத் தேவையே இல்லை. தடித்த டயர் சைக்கிள் மணலிலும் சேற்றிலும் ஓட்டச் செய்தது. தார் ரோட்டில் தினமும் போக வர 20 கிலோமீட்டருக்கு மேல் அதை உருட்டினால் மூன்றாம் நாளே தொடை சொல்லிவிடும். முன்பக்க ஷாக் அப்சார்பரும் அப்படித்தான்; விலை குறைந்த சைக்கிளில் அது எடையைக் கூட்டி உங்கள் மிதியைத் தின்னும், பள்ளத்தை அவ்வளவாகத் தாங்காது. 21 கியர் என்பது முன்னால் மூன்று, பின்னால் ஏழு. நம் ஊர் மேடு பள்ளத்துக்குப் பின்னால் உள்ள ஏழே போதும். கியரில் ஷிமானோ என்று ஜப்பான் கம்பெனியின் பெயர் எழுதியிருப்பதைக் காட்டி 'இம்போர்ட்டட்' என்பார்கள். அந்தக் கம்பெனியின் ஆரம்ப விலை வரிசையான டூர்னியும் ஷிமானோதான்.

35லிருந்து 40 மில்லிமீட்டர் அகல டயர், ஷாக் இல்லாத முன் ஃபோர்க், மட்கார்டு, கேரியர். இதைக் கேட்டு வாங்குங்கள். இந்த மாதிரி ரோட்டுக்கான சைக்கிளைக் கடையில் ஹைப்ரிட் என்பார்கள். 14,000 ரூபாயில் ஒரு புதிய ஹைப்ரிட் சைக்கிளின் ஆரம்ப மாடலையே பில்லும் வாரண்டியுமாகப் பார்க்கலாம். அங்கேயும் ஒரு கண்ணி வைப்பார்கள்: "பில் வேண்டாம் என்றால் விலை குறைத்துத் தருகிறேன்." 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது. 14,000 ரூபாய் வண்டியில் வரி சுமார் 700 ரூபாய்தான். அந்த 700க்காக உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சியை விட்டுக்கொடுக்காதீர்கள்.

லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் எதுவும் வேண்டாம். 'சைக்கிள் இன்ஷூரன்ஸ் கட்டாயம்' என்று யாராவது சொன்னால் அவர் உங்களிடம் எதையோ விற்கப் பார்க்கிறார். ஹெல்மெட்டைச் சட்டம் கேட்கவில்லை, ஆனாலும் போடுங்கள்.

மெட்ரோவைப் பற்றிக் கேட்டீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை நம்பி மடக்கு சைக்கிள் வாங்கி ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சாதாரண சைக்கிளை ஏற்ற முடியாது. மடக்கு சைக்கிளுக்கு 2022ல் பெங்களூரு மெட்ரோ அனுமதி கொடுத்தது, கடைசிப் பெட்டியில் மட்டும். எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அளவைப் பாருங்கள்: மடக்கிய பிறகு 60க்கு 45க்கு 25 சென்டிமீட்டர், எடை 15 கிலோவுக்குள். இப்போது கடையில் நிற்கும் மடக்கு சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 20 அங்குலச் சக்கரம். அதன் ரிம் 40.6 சென்டிமீட்டர், டயரையும் சேர்த்தால் ஏறக்குறைய 50. அது வட்டம், எப்படிப் பிடித்தாலும் 50தான். பிரேமையும் ஹேண்டில்பாரையும் கழற்றி எறிந்தால்கூட ஒற்றைச் சக்கரம் அந்த 45 சென்டிமீட்டருக்குள் அடங்காது. 16 அங்குலச் சக்கரம் அடங்கும், சுமார் 40 சென்டிமீட்டர் வரும். ஆனால் அதில் பிரேம் மடிந்து நிற்கும் உயரம் இடிக்கும். இந்த அளவைத் தீர்மானித்தவர்கள் ஒரு மடக்கு சைக்கிளையும் ஓர் இன்ச் டேப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்கள். கடைக்காரர் "மெட்ரோவில் போகும் சார்" என்பார். அவர் வாயை நம்பாதீர்கள், வாங்குமுன் நீங்கள் ஏறப்போகும் அல்சூர் ஸ்டேஷனில் அளவைச் சொல்லிக் கேளுங்கள்.

ஏற்றிக்கொண்டு போனாலும் பர்ப்பிள் லைன் மாரத்தஹள்ளிக்கு வராது. கே.ஆர். புரத்தில் இறங்கி அவுட்டர் ரிங் ரோட்டில் மிதிக்க வேண்டும். அந்த ரோட்டில் 2020ல் சில்க் போர்டு வரை 17 கிலோமீட்டருக்கு சைக்கிள் பாதை போட்டார்கள். கோடு போட்டார்கள், கம்பம் நட்டார்கள். வண்டிகள் அதில் ஏறின, கம்பங்கள் சாய்ந்தன, மெட்ரோ வேலை வந்து பல இடங்களில் பாதையையே விழுங்கியது. சைக்கிளில் போகிறவனுக்குக் கொடுத்த ஒரு முழ அகல இடத்தைக்கூடக் காப்பாற்றித் தர ஆளில்லை. அந்தப் பாதையை நம்பி நீங்கள் கணக்குப் போடாதீர்கள்.

உங்களுக்கு நான் சொல்லும் வழி: இந்திராநகரின் உள் தெருக்கள், ஜீவன்பீமா நகர், சுரஞ்சன்தாஸ் ரோடு. அங்கிருந்து எச்.ஏ.எல். பக்கம் பழைய ஏர்போர்ட் ரோடு பிடித்து மாரத்தஹள்ளி. தொம்லூர் மேம்பாலம் தவிர்ந்துவிடும். வீட்டில் பயப்படுகிறவர்களிடம் ஒரு ஞாயிறு காலை ஆறரை மணிக்கு ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். ஓரத்தோடு ஒட்டிப் போகாதீர்கள். சாக்கடைக் கம்பி மூடியின் இடைவெளி நீளவாக்கில் இருந்தால் முன் டயர் அப்படியே இறங்கிவிடும், நிறுத்திய காரின் கதவும் அங்கேதான் திறக்கும். ஒரு மீட்டர் தள்ளி நேர்கோட்டில் போங்கள், பஸ் நிறுத்தத்தில் பி.எம்.டி.சி. பஸ்ஸுக்கு இடப்பக்கம் நுழையவே நுழையாதீர்கள். பின்னால் சிவப்பு விளக்கு பகலிலும் எரியட்டும்.

மழை இந்த ஊரில் பெரும்பாலும் மாலையில்தான் பிடிக்கும். ஏப்ரல், மேயில் இடியோடு, செப்டம்பர், அக்டோபரில் கொட்டித் தீர்க்கும். ஆகவே காலையில் போவது பிரச்சினை இல்லை, திரும்புவதுதான். அன்று சைக்கிளை ஆபீஸிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வாருங்கள். தண்ணீர் நின்ற பள்ளத்தின் ஆழம் யாருக்கும் தெரியாது. இதற்காக ஆபீஸ் பார்க்கிங்கில் நனையாத ஓர் இடத்தை செக்யூரிட்டியிடம் இப்போதே கேட்டு வையுங்கள். யூ பூட்டு ஒன்று வாங்கி பிரேமையும் பின் சக்கரத்தையும் அசையாத கம்பியோடு சேர்த்துப் பூட்டுங்கள். நனைந்தால் மறுநாள் செயினைத் துணியால் துடைத்து நாலு சொட்டு எண்ணெய் விடுங்கள்.