ஆறாம் வகுப்பிலேயே ஹாஸ்டலுக்கு அனுப்பலாமா?

வணக்கம் சகோதரி. கணவர் ராணுவத்தில் ஹவில்தார், இப்போது லடாக்கில் போஸ்டிங். மகன் ஐந்தாம் வகுப்பு முடிப்பதற்குள் மூன்று பள்ளி மாறிவிட்டான். ஆறாம் வகுப்புக்கே சைனிக் பள்ளியில், அதாவது பிள்ளைகளை ராணுவ அதிகாரி ஆகத் தயார்செய்யும் ஹாஸ்டல் பள்ளியில், சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்க்கலாம். ஆனால் பத்து வயதுப் பிள்ளை உங்களை விட்டு இருப்பானா என்பதை முதலில் பாருங்கள், விண்ணப்பம் அப்புறம்.

இந்த லீவில் அவனைப் பாட்டி வீட்டில் பத்து நாள் விடுங்கள், தினமும் போன் செய்யாதீர்கள். தன் துணியைத் தானே மடித்து வைக்கிறானா, ஏதாவது வேண்டுமென்றால் வாய்விட்டுக் கேட்கிறானா என்று பாட்டியிடம் விசாரியுங்கள். என்னிடம் வந்த ஒரு பையன் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குபவன். ஹாஸ்டலில் வயிற்றுவலியை மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் சுருண்டு படுத்திருந்தான். அழுகிற பிள்ளை பழகிவிடும். வலித்தாலும் சொல்லாத பிள்ளையை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

சரி, பையன் தயார் என்றால், உடுமலைப்பேட்டை பக்கம் அமராவதிநகரில் 1962 முதல் நடக்கும் சைனிக் பள்ளி இருக்கிறது. படைவீரர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. சேரும் ஆண்டு மார்ச் 31 அன்று வயது 10-க்கும் 12-க்கும் இடையில் இருக்க வேண்டும். நுழைவுத்தேர்வில் மொத்தம் 300 மதிப்பெண், அதில் பாதி, அதாவது 150, கணக்குக்கே. ஆறாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். பள்ளியில் பாடம் ஆங்கிலத்தில்தான், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரு ராஷ்ட்ரிய மிலிட்டரி பள்ளியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதுவும் ஹாஸ்டலோடு உள்ள ராணுவப் பள்ளிதான். உங்களுக்கு நான் அதைத்தான் முதலில் சொல்வேன். அங்கே பெரும்பங்கு இடங்கள் ஜவான், ஜேசிஓ (சுபேதார் போன்ற இளநிலை அதிகாரி) பிள்ளைகளுக்குத்தான். கட்டணமும் அப்பாவின் ரேங்க்கைப் பொறுத்தது என்பதால் உங்கள் கைக்கு அடங்கும். இரண்டுக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள்.

கணவருக்கு அடுத்த போஸ்டிங் குடும்ப குவார்ட்டர்ஸ் கிடைக்கும் இடமாக இருந்தால் அவசரப்பட வேண்டாம். அங்கே கேந்திரிய வித்யாலயாவில் சேர்த்துக்கொண்டு, ஒன்பதாம் வகுப்பில் சைனிக் பள்ளிக்கு முயலலாம். அப்போது இடங்கள் குறைவு, தேர்வும் ஆங்கிலத்தில் மட்டும்தான். ஆனால் பையன் மூன்று வருடம் வளர்ந்திருப்பான். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும்போது டிரான்ஸ்பர் தொல்லையும் இருக்காது.

முடிவு செய்யும் முன் அவனையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை பள்ளிக்குப் போய் வாருங்கள். இராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று அங்கேயே கேளுங்கள். பதிலை அவனும் பக்கத்தில் நின்று கேட்கட்டும்.