பிரெட் குழுவின் பாடல்கள் இன்றும் கேட்கத் தகுந்தவையா, வெறும் பழைய நினைவுதானா?

கேள்வி கேட்டவர் சொல்வது இது: அப்பா வீட்டில் எப்போதும் எழுபதுகளின் சாஃப்ட் ராக்தான் போடுவார், அதிலும் அமெரிக்கக் குழுவான பிரெட் என்றால் உயிர். எனக்கோ எல்லாப் பாட்டும் ஒரே இழுவையாக இருக்கிறது. இதில் அப்படி என்னதான் இருக்கிறது, அல்லது அப்பாவுக்கு அவருடைய இளமைதான் பிடித்திருக்கிறதா?

அப்பாவுக்கு இளமையும் பிடித்திருக்கும், அதை மறுக்க முடியாது. அவர்களுடைய ஆல்பங்களை முழுதாக வைத்துக் கேட்டால் பாதி இழுவை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மீதிப் பாதியை வெறும் பழைய நினைவு என்று தள்ள என்னால் முடியவில்லை. அது கைவேலை தெரிந்தவர்கள் உட்கார்ந்து செதுக்கிய சரக்கு. அந்தக் கைவேலை வெளியே தெரியாதபடி செய்ததுதான் அவர்களுடைய கெட்டிக்காரத்தனம், அவர்களுக்குக் கிடைத்த கெட்ட பெயருக்கும் அதுதான் காரணம்.

முதலில் இவர்கள் யார் என்று பார்த்துவிடலாம். காதலில் தோற்று கிடாரைத் தூக்கிய பையன்கள் இல்லை. குழுவின் முக்கியக் குரல் டேவிட் கேட்ஸ், ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரத்துக்காரர், 1940இல் பிறந்தவர். அப்பா இசைக்குழு நடத்துநர், அம்மா பியானோ ஆசிரியை. அறுபதுகளின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய் அடுத்தவர்களுக்குப் பாட்டு எழுதியும் இசை ஒழுங்கமைத்தும் வயிற்றைக் கழுவினார். மர்மெய்ட்ஸ் என்ற பெண்கள் குழுவுக்கு 1963இல் அவர் எழுதிக் கொடுத்த "பாப்சிக்கிள்ஸ் அண்ட் ஐசிக்கிள்ஸ்" பெரிய வெற்றி. மங்கீஸ் குழுவின் முதல் ஆல்பத்தில் அவருடைய பாட்டு ஒன்று உண்டு. இன்னொன்று கேட்டால் சிரிப்பீர்கள்: காதைக் கிழிக்கிற ராக் பாடகர் கேப்டன் பீஃப்ஹார்ட்டின் முதல் சிங்கிளை, அதாவது தனிப் பாட்டாக வந்த இசைத்தட்டை, தயாரித்தவரும் இதே கேட்ஸ்தான். மென்மையைத் தவிர வேறு எதுவும் தெரியாததால் மென்மையாகப் பாடியவர் இல்லை அவர்.

ஜிம்மி கிரிஃபின் மெம்ஃபிஸில் வளர்ந்தவர், ராக் அண்ட் ரோல் அவர் ரத்தத்திலேயே இருந்தது. மூன்றாமவர் ராப் ராயர். ராயர் இருந்த இன்னொரு குழுவின் ஆல்பத்தை கேட்ஸ் தயாரித்தபோது ஏற்பட்ட பழக்கம், 1968இல் மூவரும் சேர்ந்துவிட்டார்கள். பெயர் தேடி மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது எதிரே ஒரு ரொட்டி வண்டி போனதாகவும், அதையே பெயராக வைத்துக்கொண்டதாகவும் கதை சொல்வார்கள். அந்தப் பெயரை விடாமல் பிடித்துக்கொண்டு அடுத்த ஆல்பங்களுக்கு "ஆன் தி வாட்டர்ஸ்", "மன்னா" என்று விவிலியத்தைத் தொட்டுப் பெயர் வைத்தார்கள்.

அவர்களுடைய முதல் ஆல்பம் 1969இல் எலெக்ட்ரா நிறுவனத்திலிருந்து வந்தது. டோர்ஸ் குழுவின் அதே எலெக்ட்ரா. அதே ஆண்டு அதே நிறுவனம் ஸ்டூஜஸ் என்ற முரட்டு ராக் குழுவின் முதல் ஆல்பத்தையும் வெளியிட்டது. ஒரு அறையில் ஸ்டூஜஸ் பாடகர் இக்கி பாப் கத்திக்கொண்டிருக்க, பக்கத்து அறையில் இவர்கள் தாலாட்டுப் பாடியதுபோல நினைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். அடுத்த ஆண்டு "மேக் இட் வித் யூ" அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. அவர்களுக்கு அங்கே கிடைத்த ஒரே முதலிடம் அதுதான்.

சரி, கைவேலை என்றேனே, அதற்கு வருகிறேன். 1971இல் வந்த "இஃப்" பாட்டை ஹெட்போனில் போடுங்கள். குரலை விட்டுவிட்டு அடியில் ஓடும் பேஸ் சுரத்தை மட்டும் பிடியுங்கள். மேல் ஷட்ஜத்தில் தொடங்கி காகலி நிஷாதம், கைசிகி நிஷாதம், சதுஸ்ருதி தைவதம், சுத்த தைவதம், பஞ்சமம் என்று அரை அரைச் சுரமாக இறங்கும். ஒரு படிகூடத் தாண்டாது. மேலே பாடுபவரோ கிட்டத்தட்ட அதே இடத்தில் நின்று, பேசுகிற மாதிரி பாடிக்கொண்டிருப்பார். மெட்டு பெரிதாக நகரவில்லை, ஆனால் காலடியில் தரை இறங்கிக்கொண்டே போகிறது. பளிச்சென்று ஒலிக்கிற மேஜர் கார்டு சோகமான மைனராக மாறுகிற இடத்தில், அதாவது சுத்த தைவதம் விழுகிற இடத்தில், வயிற்றில் ஏதோ செய்யும். பாட்டில் வருத்தமான சொல் எதுவும் அப்போது வந்திருக்காது. மூன்று நிமிடத்துக்குள் கதை முடிந்துவிடும். நீட்டி முழக்கும் கிடார் சோலோ கிடையாது, கடைசியில் சுதியை ஏற்றிக் கைதட்டு வாங்குகிற வேலையும் கிடையாது.

இதை எனக்குக் காட்டிக் கொடுத்தவர் பொன்மலை ரயில்வே காலனியில் இருந்த ஒரு ஆங்கிலோ இந்தியப் பெரியவர், கல்லூரி நண்பனின் அங்கிள். பணிமனையில் வேலை. விரல் நுனியெல்லாம் காய்ப்புக் காய்ச்சியிருக்கும், அது கிடாராலா ஸ்பேனராலா என்று தெரியாது. அந்த வீடுகளில் அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் ஜிம் ரீவ்ஸுக்குப் பக்கத்திலேயே பிரெட் கேசட்டும் இருக்கும், இரண்டுக்கும் ஒரே மரியாதை. நான் நாலு கார்டு கற்றுக்கொண்ட தைரியத்தில் "இஃப்" பாட்டை வேகமாக வாசித்துக் காட்டினேன். "என்ன மேன், டிரெய்ன் பிடிக்கவா ஓடுற?" என்றார். கிடாரை வாங்கி, மற்றக் கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு அந்த இறங்கு வரிசையை மட்டும் கட்டை விரலால் தட்டிக் காட்டினார். ஒவ்வொரு சுரமும் அடங்கும்வரை அடுத்ததைத் தொடவில்லை. "இதுதான் பாட்டு. மிச்சமெல்லாம் டெக்கரேஷன்."

இன்று உங்கள் அப்பா வயதுக்காரர்கள் உருகுகிற இன்னொரு பாட்டு, 1972இல் வந்த "எவ்ரிதிங் ஐ ஓன்". நிச்சயதார்த்தத்திலும் கல்யாண வரவேற்பிலும் ஜோடிகள் ஆடுவதற்கென்றே போடுவார்கள். ஆனால் கேட்ஸ் அதை எழுதியது இறந்துபோன தன் அப்பாவை நினைத்து. மகன் பெரிய ஆளாவதைப் பார்க்காமலே 1963இல் அவர் போய்விட்டார். இது தெரிந்தபின் வரிகளைக் கேட்டுப் பாருங்கள். தீங்கு வராமல் காத்தாய், குளிர் அண்டாமல் வைத்துக்கொண்டாய், உயிர் கொடுத்தாய், பிறகு என்னை என் போக்கில் விட்டாய் என்கிற மாதிரி போகும். காதலியைப் பார்த்து யார் "எனக்கு உயிர் கொடுத்தாய், பிறகு விடுதலை கொடுத்தாய்" என்று பாடுவார்கள்? எல்லாம் கண்ணெதிரேதான் இருக்கிறது, ஆனாலும் மெட்டின் இனிமையில் யாரும் கவனிப்பதில்லை. அங்கிளிடம் இதைச் சொன்னபோது ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அப்போ நான் இத்தனை கல்யாணத்துல வாசிச்சதுக்கு என்ன மேன் செய்றது?" என்று கேட்டார். அடுத்த கல்யாணத்திலும் அதையே வாசித்தார்.

நல்ல பாட்டு என்பதற்கு என் அளவுகோல், அடுத்தவர் கையில் போனால் தாங்குமா என்பதுதான். இது தாங்கியது. ஜமைக்காவின் கென் பூத் இதை ரெகேயாகப் பாடி 1974இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தார். தலைப்பில் "எவ்ரிதிங்" என்று இருந்தாலும் பாட்டு முழுக்க அவர் "எனிதிங்" என்றுதான் பாடுவார், யாரும் கண்டுகொள்ளவில்லை. 1987இல் பாய் ஜார்ஜ் அந்த ரெகே வழியிலேயே பாடி மறுபடியும் அங்கே முதலிடம். "இஃப்" பாட்டின் கதை இன்னும் விசித்திரம். டிவி தொடரில் மொட்டைத் தலைப் போலீஸ் அதிகாரி கோஜாக்காக நடித்த டெலி சவாலஸ், அதைப் பாடாமல் வசனம் பேசுவதுபோலச் சொல்லியே 1975இல் பிரிட்டனில் முதலிடத்துக்குக் கொண்டுபோனார். அதைத் தயவுசெய்து தேடிக் கேட்காதீர்கள்.

உங்கள் "எல்லாம் ஒரே மாதிரி" என்ற புகாருக்கு நியாயமான ஒரு காரணமும் இருக்கிறது, அதைப் பலர் சொல்வதில்லை. நமக்கு வந்து சேர்ந்த பிரெட், முழு பிரெட் இல்லை. 1970 முதல் 1973 வரை தரவரிசையில் ஏறிய 11 சிங்கிள்களும் கேட்ஸ் எழுதி கேட்ஸ் பாடியவை. நிறுவனம் இசைத்தட்டின் முன்பக்கத்துக்கு எப்போதும் அவர் பாட்டையே எடுத்தது. தன் பாட்டுக்கும் சம வாய்ப்பு வேண்டும் என்று கிரிஃபின் நினைத்தார். அவருக்குத் திறமை இல்லாமல் இல்லை. அவரும் ராயரும் புனைபெயரில் வரிகள் எழுதிய "ஃபார் ஆல் வி நோ" 1970ஆம் ஆண்டுப் படத்துக்கான ஆஸ்கர் விருதை வாங்கியது, பிறகு கார்பென்டர்ஸ் பாடி உலகமே முணுமுணுத்தது. ஆஸ்கர் வாங்கியவருக்குச் சொந்தக் குழுவில் பின்பக்கம்தான் என்றால் மனம் புழுங்காதா? "ஆன் தி வாட்டர்ஸ்" ஆல்பத்தில் அவர் பாடும் "லுக் வாட் யூ'வ் டன்" கேளுங்கள், குரலில் ஒரு சொரசொரப்பு இருக்கும், கேட்ஸிடம் அது கிடையாது. கேட்ஸே எழுதிய "மதர் ஃப்ரீடம்" முரட்டு கிடாரோடு வந்த பாட்டு. அது 37ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. மக்கள் மெல்லிசையைத்தான் கேட்டார்கள், நிறுவனம் அதையே கொடுத்தது, ஹிட் தொகுப்பில் அதுவே அடுக்கடுக்காக வந்து உட்கார்ந்துகொண்டது. உங்கள் அப்பா போடுவதும் அந்தத் தொகுப்பாகத்தான் இருக்கும். பாயசம் நல்லதுதான், பந்தி முழுக்கப் பாயசமே வந்தால் திகட்டத்தானே செய்யும்.

1971இல் ராயர் விலகினார், அவர் இடத்துக்கு லாரி நெக்டல் வந்தார். இவரைப் பற்றித் தனியாகவே ஒரு பதில் எழுதலாம். சைமன் அண்ட் கார்ஃபங்கலின் "பிரிட்ஜ் ஓவர் ட்ரபிள்ட் வாட்டர்" பாட்டில் வரும் அந்த மகத்தான பியானோ இவருடையது, அதன் இசை ஒழுங்கமைப்புக்கான கிராமி விருதில் இவருக்கும் பங்கு உண்டு. பேஸ் கிடாரிஸ்ட் இல்லாத டோர்ஸ் குழுவின் முதல் ஆல்பத்தில் பல பாட்டுகளுக்கு பேஸ் வாசித்துக் கொடுத்ததும் இவர்தான். இப்படிப்பட்ட ஆள் பிரெட்டில் சேர்ந்தபின் வந்தது "தி கிடார் மேன்", 1972. கூட்டம் கலைந்த பிறகும் வாசிப்பை விட முடியாத ஒரு கலைஞனைப் பற்றிய பாட்டு. அதில் அழுவதுபோல வளைந்து வரும் வா-வா கிடார், பியானோக்காரரான நெக்டல் வாசித்தது. எனக்கு பிரெட்டின் மிகச் சிறந்த பாட்டு இதுதான், "இஃப்" இரண்டாவது. குழுவின் டிரம்மர் மைக் பாட்ஸின் வாசிப்பையும் அதில் கவனியுங்கள். ஒரு அடிகூட அதிகம் விழாது, ஆனால் பாட்டு அவர் தோளில்தான் நடக்கும்.

1973இல் குழு உடைந்தது. 1976இல் திரும்பச் சேர்ந்து "லாஸ்ட் விதவுட் யுவர் லவ்" என்ற ஒரு நல்ல வெற்றியைக் கொடுத்தார்கள், மறுபடி உடைந்தார்கள், குழுவின் பெயர் யாருக்கு என்று நீதிமன்றம்வரை போனார்கள். பிறகு சமாதானமாகி 1996-97இல் ஒன்றாகச் சுற்றுப்பயணம் வந்தது பெரிய விஷயம். கிரிஃபினும் பாட்ஸும் ஒரே ஆண்டில், 2005இல் காலமானார்கள். நெக்டல் 2009இல்.

கேட்டுப் பார்க்க நினைத்தால் ஹிட் தொகுப்பிலிருந்து தொடங்காதீர்கள். "பேபி ஐம்-அ வான்ட் யூ", "தி கிடார் மேன்" இரண்டும் 1972இல் வந்த ஆல்பங்கள். அவற்றை வரிசையாக, முரட்டுப் பாட்டுகளைத் தாண்டாமல் கேளுங்கள். அப்போது மெல்லிய பாட்டு வரும்போது அதன் அருமை தெரியும். "ஆப்ரி" பாட்டை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். "டயரி" மட்டும் உங்கள் விருப்பம். மரத்தடியில் கிடந்த ஒரு பெண்ணின் டயரியை எடுத்துப் படித்துவிட்டு, அவள் காதலிப்பது தன்னை இல்லை என்று ஒருவன் உருகுகிற பாட்டு அது. மெட்டு அழகுதான், ஆனால் அடுத்தவர் டயரியைப் படித்தவனுக்கு இவ்வளவு இரக்கம் தேவையா என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும். உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், அவர் கட்டாயம் அவன் பக்கம்தான் பேசுவார்.