பெருமந்தக் காலத்துப் படங்கள்: கேட்டவையும் சொன்னவையும்

1929-ல் பங்குச்சந்தை சரிந்த பிறகு அமெரிக்காவைப் பிடித்த பெருமந்தம் பத்து வருடம் போல நீடித்தது. அந்தக் காலத்தில் எடுத்த வறுமைப் படங்கள், குறிப்பாக அரசாங்கமே சம்பளம் கொடுத்து எடுக்க வைத்த படங்கள், பற்றிய கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கேள்வி: ஐயா, எந்த அரசாங்கமாவது தன் நாட்டு வறுமையைத் தானே படமெடுத்து ஊருக்குக் காட்டுமா? மறைக்கத்தானே பார்க்கும்?

காட்டினால் காரியம் ஆகும் என்றால் காட்டும். ரூஸ்வெல்ட் ஆட்சியில், 1935-ல், மீள்குடியேற்ற நிர்வாகம் என்று ஒரு துறை வந்தது. நிலத்தையும் பிழைப்பையும் இழந்த விவசாயிகளுக்குக் கடன், முகாம், மாற்று நிலம் என்று செலவு செய்வது அதன் வேலை. நகரத்தில் வரி கட்டுகிறவர் சும்மா இருப்பாரா? "யாருக்காக இந்தச் செலவு?" என்றார். அதற்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. துறைத் தலைவர் ரெக்ஸ்ஃபோர்ட் டக்வெல் தன் பழைய மாணவர் ராய் ஸ்ட்ரைக்கரைக் கூப்பிட்டுப் படப்பிரிவை ஒப்படைத்தார். ஸ்ட்ரைக்கர் புகைப்படக்காரர் அல்ல, பொருளாதாரம் படித்தவர். டோரதியா லாங், வாக்கர் எவன்ஸ், ஆர்தர் ராத்ஸ்டீன், ரஸ்ஸல் லீ, பென் ஷான், மரியன் போஸ்ட் வால்காட் எல்லோரும் வேறு வேறு வருடங்களில் அவரிடம் வேலை பார்த்தவர்கள். 1937-ல் துறையின் பெயர் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம் என்று மாறியது. 1942-ல் படப்பிரிவு போர்த் தகவல் அலுவலகத்துக்குப் போய்விட்டது.

பிரச்சாரம்தானே என்று கேட்டால், ஆமாம். யாரும் அதை ஒளித்து வைக்கவில்லை. பிரச்சாரத்துக்காக எடுத்ததால் படத்தில் இருப்பவரின் பசி பொய்யாகிவிடாது. ஆனால் எந்தப் பசியைக் காட்டுவது, எதை விடுவது என்பதை ஒரு அலுவலகம் முடிவு செய்தது. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இதையே சுற்றி வரும்.

கேள்வி: அண்ணா, 'புலம்பெயர்ந்த தாய்' படத்தில் உள்ள அந்த அம்மாவுக்கு ஏதாவது பணம் கிடைத்ததா?

படத்திலிருந்து ஒரு சென்ட்கூட வரவில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1936 மார்ச், கலிஃபோர்னியாவில் நிபோமோ. பனியில் பட்டாணி விளைச்சல் கெட்டுப்போய், பறிக்க வந்த கூலிகள் வேலையில்லாமல் முகாமில் கிடந்தார்கள். லாங் அந்த வழியே காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். முகாமுக்குள் போய் ஒரு கூடாரத்தின் முன் இருந்த ஒரு தாயையும் பிள்ளைகளையும் ஐந்தாறு படம் எடுத்தார். அதில் ஒன்றுதான் 'புலம்பெயர்ந்த தாய்'. பெயரையோ கதையையோ கேட்கவில்லை என்று பிற்பாடு அவரே எழுதினார். குறிப்பில் இருந்தது வயது 32, ஏழு குழந்தைகளின் தாய் என்பது மட்டும்.

சான் ஃபிரான்சிஸ்கோ பத்திரிகை ஒன்றில் படங்கள் வந்ததும் அந்த முகாமுக்கு 20,000 பவுண்டு, அதாவது சுமார் 9 டன், உணவு போனது. அதற்குள் அந்த அம்மாவின் குடும்பம் வேறு ஊருக்கு வேலை தேடிக் கிளம்பிவிட்டது. உலகமே பார்த்த முகம் அது. அந்த முகத்தால் வந்த சாப்பாடு அவர் தட்டுக்கு வரவில்லை.

அவர் பெயர் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன், ஓக்லஹோமாவில் பிறந்த செரோக்கி இனப் பெண் என்பது 1978-ல்தான் வெளியே வந்தது, அதுவும் ஒரு உள்ளூர்ப் பத்திரிகை வழியாக. லாங் இறந்தே பதின்மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம், தனக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்று தாம்சன் கோபமாகச் சொன்னார். காரின் டயர்களை விற்றுச் சாப்பிட்டார்கள் என்று லாங் எழுதியதையும் குடும்பம் மறுத்தது. வேறு யாருடைய கதையோடோ குழப்பிக்கொண்டிருக்கலாம் என்பது அவர்கள் எண்ணம்.

லாங்கும் இந்தப் படத்தை விற்றுப் பணக்காரர் ஆகவில்லை. சம்பளத்துக்கு எடுத்த அரசாங்கப் படம் அது, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். 1983-ல் தாம்சன் படுத்த படுக்கையானபோது பிள்ளைகள் உதவி கேட்டார்கள், 30,000 டாலருக்கு மேல் வந்தது. அதே வருடம் அவர் இறந்தார்.

கேள்வி: இந்தப் படமே திருத்தப்பட்டது என்கிறார்களே?

ஒரு கட்டைவிரல் மட்டும். கூடாரக் கம்பைப் பிடித்த விரல் கீழே வலது மூலையில் தெரிந்தது. கண்ணை இழுக்கிறது என்று லாங் சில வருடம் கழித்து நெகட்டிவிலேயே அதை மங்க வைத்தார். ஸ்ட்ரைக்கருக்கு அது பிடிக்கவில்லை. உற்றுப் பார்த்தால் இன்றும் விரலின் நிழல் மாதிரி தெரியும்.

எனக்கு அந்த விரலைவிட, கூடவே எடுத்த மற்ற படங்கள் முக்கியம். முதலில் தள்ளி நின்று முழுக் கூடாரத்தையும் எடுத்திருக்கிறார். அதில் ஆடும் நாற்காலியும் பெட்டியும் வளர்ந்த மகளும் உண்டு. கடைசிப் படத்தில் இரண்டு சிறுமிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தாயின் தோளில் சாய்கிறார்கள். பொருள், இடம், மூத்த பிள்ளை எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே போய் ஒரு முகம் மிஞ்சுகிறது. திருத்தம் என்று பேசினால் இதைத்தான் பேச வேண்டும்.

கேள்வி: மாட்டு மண்டை ஓட்டை இடம் மாற்றி வைத்து எடுத்தார்களாமே, அது உண்மையா சார்?

உண்மை. 1936 மே மாதம், தெற்கு டகோட்டா. ராத்ஸ்டீன் ஒரு மண்டை ஓட்டை வெடித்த தரையில் வைத்து எடுத்தார், சில அடி நகர்த்திப் புல் இருந்த இடத்திலும் எடுத்தார். தேர்தல் வருடம் அது. ஆகஸ்டில் ரூஸ்வெல்ட் வறட்சிப் பகுதிக்கு ரயிலில் வந்தபோது உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று "போலிப் படம்" என்று கிழித்துவிட்டது. எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் விடுமா? நாடு முழுக்கப் பரவியது.

வேடிக்கை என்னவென்றால், அந்த வருட வறட்சி அசல். படம் காட்டிய விஷயத்தில் பொய் இல்லை, சாட்சியை நகர்த்தியதில்தான் தப்பு. வக்கீலுக்கு இது புரியும். ஒரு சாட்சி கலைந்தால் மொத்த வழக்கும் சந்தேகத்துக்குள் போய்விடும்.

கேள்வி: அப்போது என்ன கேமரா வைத்திருந்தார்கள்? நான் பழைய ஃபிலிம் கேமரா சேகரிப்பவன்.

தாம்சனை லாங் எடுத்தது கிராஃப்ளெக்ஸில். 4க்கு 5 அங்குல ஃபிலிம், மேலிருந்து குனிந்து பார்க்கும் பெட்டி. எவன்ஸ் முக்காலியில் 8க்கு 10 அங்குலக் கேமராவை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு எடுத்தவர். அலபாமாவின் ஹேல் கவுண்டியில் 1936 கோடையில் எடுத்த குத்தகை விவசாயிகளின் வீட்டுப் பலகைச் சுவர்களில் ஆணித் துவாரம்கூட எண்ணலாம். ரஸ்ஸல் லீ 35 மி.மீ. கேமராவும் ஃப்ளாஷ் பல்புமாகத் திரிந்தார். ஒரு பல்பு ஒரு படத்துக்குத்தான், எரிந்தால் போயிற்று.

பெரிய கேமரா என்றால் ஒளிந்து எடுக்க வழியில்லை. நின்று, பேசி, காத்திருக்க வேண்டும். லாங்குக்கு ஏழு வயதில் போலியோ வந்து கால் ஊனம். தான் நொண்டி நடப்பதைப் பார்த்ததும் ஏழைகள் கொஞ்சம் நெருங்கி வந்தார்கள் என்று அவரே நம்பினார்.

கேள்வி: படத்துக்குக் கீழே அந்த ஏழைகள் பேசியதாகப் போடும் வரிகளை எவ்வளவு தூரம் நம்பலாம்?

எந்தப் புத்தகம் என்று பாருங்கள். 1937-ல் மார்கரெட் போர்க்-வைட் படமெடுக்க, எர்ஸ்கின் கால்ட்வெல் எழுத, தெற்கத்திய குத்தகை விவசாயிகள் பற்றி ஒரு புத்தகம் வந்தது. அதில் படங்களுக்கு அடியில் வரும் பேச்சு அந்த மனிதர்கள் பேசியதல்ல, எங்கள் கருத்து என்று ஆசிரியர்களே முன்பக்கத்தில் ஒப்புக்கொண்டார்கள். முன்பக்கத்தை யார் படிக்கிறார்கள்? ஒரு வயதான பெண்ணின் முகத்துக்கு அடியில் மேற்கோள் குறிக்குள் ஒரு வரி இருந்தால், அவர் வாயிலிருந்து வந்தது என்றுதான் எவரும் எடுத்துக்கொள்வார்.

1939-ல் லாங்கும் அவர் கணவர், பொருளாதார அறிஞர் பால் டெய்லரும் போட்ட புத்தகம் இதற்கு நேர் எதிர். படத்தில் உள்ளவர் என்ன சொன்னாரோ அதைத்தான் அச்சிட்டோம், என்ன நினைத்திருப்பார் என்று நாங்கள் ஊகித்ததை அல்ல என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டார்கள். மக்கள் பேசியதை உடனுக்குடன் நோட்டில் குறித்துக்கொள்வது லாங்கின் பழக்கம். அவருடைய நீண்ட படக்குறிப்புகளில் கூலி, குத்தகை, எங்கிருந்து வந்தார்கள், எத்தனை ஏக்கர் போனது என்று எல்லாம் இருக்கும். அப்படிப்பட்டவர் தாம்சன் விஷயத்தில் பெயரைக்கூட வாங்காமல் வந்தார் என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அவசரத்தில் எடுத்த அந்த ஒரு படமே மற்ற எல்லாவற்றையும் மறைத்து நிற்கிறது.

கேள்வி: பார்க்கிற படமெல்லாம் வெள்ளைக்கார ஏழைகள். கறுப்பின மக்கள் அப்போது கஷ்டப்படவில்லையா?

அதிகமாகவே கஷ்டப்பட்டார்கள், அவர்களையும் படம் எடுத்தார்கள். அச்சுக்குப் போகும் வழியில்தான் அந்த மக்கள் காணாமல் போனார்கள். ஒரு உதாரணம். 1936-ல் மிசிசிப்பியில் கிளார்க்ஸ்டேல் அருகே லாங் எடுத்தது: தோட்டத்து வெள்ளைக்காரர் காரின் பம்பரில் காலைத் தூக்கி வைத்து நிற்கிறார், பின்னால் கடை வாசலில் கறுப்பினத்தவர் நாலைந்து பேர். ஒரு தோட்டத்தில் யார் யாருக்கு மேலே என்பது அந்த ஒரு சட்டகத்துக்குள் அடங்கிவிட்டது. 1938-ல் ஆர்ச்சிபால்ட் மக்லீஷ் தன் கவிதைப் புத்தகத்தில் அதைப் போட்டபோது பின்னால் இருந்தவர்களை வெட்டிவிட்டார். மிஞ்சியவர் சுதந்திர அமெரிக்க உழவர் ஆகிவிட்டார்! ஒரு எழுத்துகூட மாற்றாமல் படத்தின் பொருளைத் தலைகீழாக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

மரியன் போஸ்ட் வால்காட் 1939-ல் பெல்சோனியில் எடுத்ததையும் தேடிப் பாருங்கள். சினிமா கொட்டகையின் வெளிப்புறப் படிக்கட்டில் ஒரு மனிதர் கறுப்பர்களுக்கான வாசலுக்கு ஏறுகிறார். முகம் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

அப்புறம் கார்டன் பார்க்ஸ். 1942-ல் உதவித்தொகை பெற்று ஸ்ட்ரைக்கரிடம் வந்த கறுப்பின இளைஞர். வாஷிங்டனில் சாப்பாட்டுக் கடையிலும் சினிமாவிலும் அவரை உள்ளே விடவில்லை. அலுவலகக் கட்டடத்தைத் துடைக்கும் 'எல்லா வாட்சன்' (Ella Watson) என்ற பெண்ணிடம் பேசச் சொல்லி ஸ்ட்ரைக்கர் தூண்டிவிட்டார். கொடிக்கு முன்னால், ஒரு பக்கம் துடைப்பம், மறுபக்கம் மாப்பு என்று பார்க்ஸ் அவரை நிறுத்தி எடுத்த படம் இன்று எல்லோருக்கும் தெரியும். அதைப் பார்த்து, நம் எல்லோருக்கும் வேலை போய்விடும் என்கிற மாதிரி ஸ்ட்ரைக்கர் சொன்னதாகப் பார்க்ஸ் நினைவுகூர்ந்திருக்கிறார். அதோடு விடாமல் பல வாரம் அந்த அம்மாவின் வீடு, பேரப்பிள்ளைகள், தேவாலயம் என்று பார்க்ஸ் பின்தொடர்ந்தார். கொடிப் படம் ஒரு கோஷம். மற்றவற்றில்தான் எல்லா வாட்சன் ஒரு மனுஷியாக இருக்கிறார்.

கேள்வி: "உலகிலேயே உயர்ந்த வாழ்க்கைத் தரம்" என்ற விளம்பரப் பலகைக்கு அடியில் கறுப்பின மக்கள் வரிசையில் நிற்கும் படம் பெருமந்தத்து ரொட்டி வரிசைதானே?

இல்லை. 1937-ல் ஒஹையோ ஆற்று வெள்ளத்துக்குப் பிறகு லூயிவில் நகரில் நிவாரணத்துக்கு நின்றவர்கள். எடுத்தவர் போர்க்-வைட், வெளியிட்டது லைஃப் இதழ். வெள்ளம் என்ற விவரம் உதிர்ந்து, படம் மட்டும் பாடப்புத்தகம் ஏறிவிட்டது.

கேள்வி: சில பழைய படங்களில் நடுவே கறுப்பு வட்டம் இருக்கிறதே, பூஞ்சையா?

ஸ்ட்ரைக்கர் போட்ட துளை. பிடிக்காத நெகட்டிவை யாரும் அச்சிடக் கூடாது என்று பஞ்ச் செய்துவிடுவார், சில சமயம் முகத்தின் மேலேயே. ஆட்கள் சண்டை போட்ட பிறகு 1930-களின் கடைசியில் நிறுத்தினார்.

கேள்வி: இத்தனை படத்தால் யாருக்காவது நிஜமாக நன்மை நடந்ததா? கலைக்கூடத்துக்குத்தான் லாபம் என்று தோன்றுகிறது.

கோபம் நியாயம்தான், ஆனால் முழுக்கச் சரியில்லை. 1935-ன் தொடக்கத்தில், ஸ்ட்ரைக்கர் அலுவலகத்துக்கு முன்பே, டெய்லர் கலிஃபோர்னியாவின் இடம்பெயர் கூலிகள் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். புகைப்படக்காரருக்குப் பட்ஜெட் இல்லாததால் லாங்கைத் தட்டச்சர் என்று கணக்கில் காட்டிச் சம்பளம் கொடுத்தார்கள்! அந்த அறிக்கையில் படங்களைச் சேர்த்துக் கட்டி அனுப்பினார்கள். கூலிகளுக்கான முதல் அரசு முகாம்களுக்குப் பணம் வர அது உதவியது. தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் உள்ள முகாம். வாய்க்காலில் தண்ணீர் மொண்டவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. படம் தனியாகப் போயிருந்தால் பரிதாபம்தான் கிடைத்திருக்கும். கணக்கும் கோரிக்கையும் சேர்ந்து போனதால் குழாய் வந்தது.

நீங்கள் சொல்லும் லாபமும் நடந்தது. எவன்ஸ் படமெடுத்த அலபாமா குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் பிற்காலத்தில் கசப்போடுதான் பேசினார்கள்.

கேள்வி: இந்தப் படங்களை நான் ஒரு கட்டுரைக்குப் பயன்படுத்தலாமா? எங்கே பார்ப்பது?

தாராளமாக. அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் சுமார் 1,75,000 கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களும் 1,600 அளவுக்கு வண்ணப் படங்களும் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு உரிமைத் தடை இல்லை. எடுத்தவர் பெயர், ஊர், வருடம் மூன்றையும் போட்டுவிடுங்கள் தம்பி, யாரோ எடுத்த பழைய படம் என்று விட்டுவிடாதீர்கள்.

ஒரு படம் பிடித்திருந்தால் அதோடு நிற்க வேண்டாம். அந்தப் பக்கத்திலேயே பக்கத்து எண்ணுள்ள படங்களைப் பார்க்க ஒரு இணைப்பு இருக்கும், அதை அழுத்துங்கள். தலைப்பே இல்லாத, அன்று அச்சுக்குப் போகாத நெகட்டிவ்கள் வரிசையாக வரும். அழுத முகத்துக்கு அடுத்த நெகட்டிவில் அதே ஆள் சிரித்துக்கொண்டிருக்கலாம், அல்லது சட்டகத்துக்கு வெளியே ஒரு கார் நின்றிருக்கலாம். கட்டுரைக்கு எந்தப் படம் என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.