மூடி மிதக்கிறது, போத்தல் மூழ்குகிறது: பிளாஸ்டிக் பற்றிய வாசகர் கேள்விகள்

*சோடாப் போத்தல் துண்டு நீரில் மூழ்குகிறது, அதன் மூடி மிதக்கிறது. ஏன் என்று தரம் 8 மாணவர்கள் கேட்கிறார்கள். – ஓர் ஆசிரியை, கொட்டாஞ்சேனை*

இரண்டும் வெவ்வேறு பிளாஸ்டிக். போத்தல் 'பெட்' (PET) வகை. ஒரு கன சென்ரிமீற்றர் ஏறத்தாழ 1.38 கிராம். மூடி பொலிஎதிலீன் அல்லது பொலிபுரொப்பிலீன், அவை 0.90 முதல் 0.97 கிராம் வரைதான். நீருக்கு 1 கிராம். மீள்சுழற்சித் தொழிற்சாலைகளிலும் இதே வித்தியாசத்தை வைத்தே, போத்தலை மூடியோடு சேர்த்து அரைத்து நீர்த்தொட்டியில் கொட்டிப் பிரிக்கிறார்கள்.

வகுப்பில் செய்யும்போது விரல்நகம் அளவுத் துண்டுகளாக வெட்டுங்கள். நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, துண்டைக் கரண்டியால் முழுவதும் அமிழ்த்திவிட்டுப் பாருங்கள். மெல்லிய துண்டை நீரின் மேற்பரப்பு இழுவிசையும் ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழியும் தாங்கிப் பிடித்துப் பொய் விடை தரும்.

*யோகட் கோப்பையின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் பிளாஸ்டிக் வகை எண் அழிந்துவிட்டது. 5 ஆ, 6 ஆ? – தெகிவளை*

மிதந்தால் 5, அதாவது பொலிபுரொப்பிலீன். மூழ்கினால் பெரும்பாலும் 6, பொலிஸ்டைரீன். உறுதிப்படுத்த ஒரு லீற்றர் நீரில் 150 கிராம் உப்பைக் கரையுங்கள். பொலிஸ்டைரீனின் அடர்த்தி 1.05 மட்டுமே என்பதால் உப்புநீரில் அது மேலே வரும். பெட் அடியிலேயே கிடக்கும். கையால் நெரித்தாலும் தெரியும்: 6 படீரென்று வெடிக்கும், 5 வளைந்து கொடுக்கும்.

ரெஜிபோமும் பொலிஸ்டைரீன்தான். உள்ளே அடைபட்ட காற்றால் மிதக்கிறது, ஆகவே அதை இந்தச் சோதனையில் சேர்க்க வேண்டாம்.

*நீரில் மிதக்கும் பொலிஎதிலீனையும் பொலிபுரொப்பிலீனையும் எப்படிப் பிரிப்பது? – மட்டக்குளி*

தேங்காய் எண்ணெயில் போடுங்கள். அதன் அடர்த்தி 0.92க்குச் சற்றுக் குறைவு. பொலிபுரொப்பிலீன் மெல்ல மேலே வரும், ஷம்பூப் போத்தல் போன்ற கடினமான பொலிஎதிலீன் அடியில் தங்கும். மென்மையான பொலித்தீன் பைகளின் அடர்த்தி எண்ணெயின் அடர்த்தியோடு ஒட்டியே இருப்பதால் அங்கே இந்த முறை எடுபடாது.

*பிவிசியும் பெட்டும் மூழ்குகின்றன. கொளுத்தி மணத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்கிறார் பழைய சாமான் வாங்குபவர். – கிராண்ட்பாஸ்*

தயவுசெய்து செய்யாதீர்கள், பிள்ளைகள் அருகில் இருக்கும்போது நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைட் வாயு வரும். கண்ணையும் சுவாசப் பாதையையும் அரிக்கும். டயொக்சின்கள் என்ற நச்சுப் பொருள்களும் உருவாகலாம். உப்புநீரும் இங்கே கைகொடுக்காது, ஏனெனில் உப்பை எவ்வளவு கரைத்தாலும் அடர்த்தி 1.2 அளவோடு நின்றுவிடும்.

கண்ணே போதும். பெட் போத்தலின் அடி நடுவில் ஒரு சிறு புள்ளி இருக்கும். பிவிசிப் போத்தலின் அடியில் குறுக்காக ஒட்டுக்கோடு ஓடும். பிவிசியை மடித்தால் மடிப்பில் வெள்ளைத் தழும்பு விழும். சந்தேகம் தீராத துண்டை பெட் குவியலில் போடாதீர்கள். உருக்கும்போது பிவிசி சிதைந்து அமிலத்தைக் கக்கி, நல்ல பெட்டையும் கெடுத்துவிடும்.

*உடைந்த கதிரையில் 5 என்று இருக்கிறது, ஆனால் மூழ்குகிறது. – வத்தளை*

எண் சரியாகவே இருக்கலாம். விலையைக் குறைக்கவோ விறைப்பைக் கூட்டவோ சுண்ணாம்புக்கல் தூளைக் கலப்பார்கள். அதனால் அடர்த்தி 1ஐத் தாண்டும். நீர் சொல்வது அடர்த்தியை மட்டுமே. எண்ணும் நீரும் முரண்பட்டால் கலப்பு இருப்பதாக எடுத்துக்கொண்டு, அதை வாங்குபவரிடமும் சொல்லிவிடுங்கள்.

*கடற்கரை மணலில் இன்னும் வெள்ளைக் குறுணிகள் கிடைக்கின்றன. 2021 கப்பல் விபத்தில் வந்தவையா? – வெள்ளவத்தை*

இருக்கலாம், ஒரு குறுணியைப் பார்த்து அறுதியிட முடியாது. அந்த மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிய 'எக்ஸ்-பிரஸ் பேர்ள்' கப்பலிலிருந்து சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் குறுணிகள் கடலில் கலந்தன. பெரும்பாலும் பொலிஎதிலீன். கடல்நீரின் அடர்த்தி 1.025, அதனால்தான் அவை மிதந்து கரை சேர்ந்தன. பாசியும் சிற்றுயிர்களும் படிந்து கனத்தால் மிதப்பவையும் மூழ்கும் என்பதால், கரையில் நாம் காண்பது முழுக் கணக்கு அல்ல.

பொறுக்குவதானால் கையுறை அணியுங்கள். கருகிக் கட்டியானவற்றைத் தனியாக வையுங்கள்: தீயில் அவற்றின் வேதியியலே மாறியிருக்கும், மிதப்பதையும் மூழ்குவதையும் வைத்து அவற்றை வகைப்படுத்த இயலாது.