கலியாண வீடியோவுக்குச் சின்னக் கம்பியூட்டர்: ‘ஐ7’ என்ற எழுத்தைப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள்

கேள்வி: கலியாணம், சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று வீட்டில் அறுபது டிவிடி அளவில் கிடக்கின்றன. சில திக்கித் திக்கி ஓடுகின்றன. கட்டாரில் இருக்கும் தம்பி ஐபோனில் எடுக்கும் வீடியோக்கள் வேறு. எல்லாவற்றையும் ஓரிடத்தில் போட்டு ஹோல் டீவியிலும், அம்மாவின் அறை டீவியிலும், போனிலும் பார்க்க வேண்டும். “ஐ7, 16 ஜிபி ராம், பத்து வருடத்துக்குக் கவலையில்லை” என்று ஒருவர் பாவித்த டவர் ஒன்றைக் காட்டுகிறார். மச்சான் ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கம்பியூட்டர் போதும் என்கிறார். டேட்டா எவ்வளவு கரையும் என்ற பயமும் இருக்கிறது. எதை வாங்கலாம்? (கல்முனை வாசகர் ஒருவர்)

பதில்: டேட்டா பயத்தை முதலில் விடுங்கள். கம்பியூட்டரில் இருந்து ரவுட்டருக்கும் ரவுட்டரில் இருந்து டீவிக்கும் படம் வீட்டுக்குள்ளேயே போகிறது. இணையம் அறுந்து கிடந்தாலும் ஓடும். வெளியில் இருந்து பார்த்தால்தான் டேட்டா போகும்.

அந்த டவரை வாங்க வேண்டாம். ஐ7 என்பது இன்டெல் கம்பெனியின் சிபியூவுக்கு, அதாவது கம்பியூட்டரின் மூளைக்கு, வைத்த பெயர். அதை மட்டும் சொல்வது, வாகனம் விற்கிறவர் ‘வான்’ என்று மட்டும் சொல்லி வருடத்தை மறைப்பது போன்றது. முழுப் பெயரைக் கேளுங்கள். ‘ஐ7-3770’ என்று இருந்தால் கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் எண் 3, அதாவது மூன்றாம் தலைமுறை, 2012இல் வந்த சாமான். ‘ஐ5-7500டி’ என்றால் ஏழாம் தலைமுறை, 2017. உங்கள் வேலைக்கு அந்த ஐ7ஐ விட இந்த ஐ5 பல மடங்கு மேல். எண்ணைச் சொல்லாமல் ‘ஹை ஸ்பீட்’, ‘கேமிங்’ என்று கதை விடுகிறவர் உங்களைப் பேய்க்காட்டப் பார்க்கிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தலைமுறை ஏன் முக்கியம்? உங்கள் டிவிடியில் உள்ள படம் எம்பெக்-2 என்ற பழைய முறையில் பதியப்பட்டது. போன்கள் பெரும்பாலும் அதை அப்படியே காட்டாது. தம்பியின் ஐபோன் எடுப்பது எச்இவிசி என்ற புதிய முறை. ஐபோன் 12இல் இருந்து வந்தவை பெரும்பாலும் எச்டிஆரில், அதாவது வெளிச்சமும் நிறமும் கூடுதல் நுணுக்கமாகப் பதியும் 10 பிட் முறையில் எடுக்கின்றன. அம்மாவின் அறையில் உள்ள பழைய டீவிக்கு அது விளங்காது. விளங்காத வீடியோவை, டீவிக்கு விளங்குகிற முறைக்கு ஓடஓடவே மாற்றிக் கொடுப்பதுதான் இந்தக் கம்பியூட்டரின் முக்கிய வேலை. இன்டெல் சிபியூவுக்குள் இதற்கென்றே குயிக் சிங்க் என்று தனிப் பகுதி உண்டு. மூன்றாம் தலைமுறையில் அந்தப் பகுதிக்கு எச்இவிசி தெரியாது. ஆறாம் தலைமுறைக்குச் சாதாரண 8 பிட் வரை தெரியும். ஏழாம் தலைமுறையில் இருந்துதான் 10 பிட்டையும் சரியாகக் கையாளும். தெரியாத வேலை வந்தால் முழுச் சுமையும் சிபியூவின் தலையில் விழும். விசிறி இரையும், பெட்டி சுடும், படம் நின்று நின்று வரும்.

ஆகவே பாவித்த சின்ன அலுவலகக் கம்பியூட்டர் ஒன்றைத் தேடுங்கள். டெல் ஆப்டிபிளெக்ஸ் 3050 மைக்ரோ, எச்பி புரோடெஸ்க் 600 ஜி3 மினி, லெனோவோ திங்க்சென்டர் எம்710கியூ டைனி ஆகியவை ஒரு தடித்த புத்தகம் அளவில் இருக்கும். இவற்றில் ஆறாம் தலைமுறை சிபியூவும் வரும், ஏழும் வரும். வெளியே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பாமல் உள்ளே பாருங்கள். எட்டாம் தலைமுறை கிடைத்தால் நல்லது, ஆனால் அதற்காக அதிகம் கொடுக்கத் தேவையில்லை. புதிது வேண்டுமென்றால் இன்டெல் என்100 போட்ட மினி பிசி. 2023இல் வந்த சிப், கரண்ட் மிகக் குறைவு, ஏவி1 என்ற இன்னும் புதிய முறை வீடியோவையும் வாசிக்கும். இன்டெலின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டியின் சிபியூ வேண்டாம், அதில் குயிக் சிங்க் இல்லை. 8 ஜிபி ராம் தாராளம். 16 ஜிபிக்குக் கொடுக்கும் காசை ஹார்ட் டிஸ்க்கில் போடுங்கள்.

ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத் தெரிந்தால் சிலருக்குக் காசு மிஞ்சும். தம்பி இதுவரை அனுப்பியதெல்லாம் வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக வந்ததா? அப்படியானால் உங்களிடம் இருப்பது ஐபோன் எடுத்த அசல் அல்ல. வாட்ஸ்அப் அதைச் சுருக்கி, எல்லா டீவிக்கும் போனுக்கும் விளங்குகிற எச்264 ஆக மாற்றித்தான் கொண்டுவந்திருக்கும். அதை யாரும் மறுபடி மாற்றத் தேவையில்லை. மீதி டிவிடிகள்தான், அவற்றை ஆறாம் தலைமுறை சிபியூ சுகமாக மாற்றும். அந்த நிலையில் ஐ5-6500டி போட்ட பெட்டி மலிவாகக் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். ஆனால் இனிமேல் நல்ல தரத்தில் வேண்டுமென்று தம்பியிடம் ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்பச் சொன்னால், அல்லது விடுமுறைக்கு வரும்போது போனில் இருந்து நேரடியாக இறக்கினால், அசல் 10 பிட் கோப்பு வந்து சேரும். அன்றைக்கு ஆறாம் தலைமுறை முழிக்கும். கையில் இருப்பதை மட்டும் பார்ப்பதா, வரப்போவதையும் பார்ப்பதா என்பதை நீங்களே தீர்மானியுங்கள். இரண்டுக்கும் விலை வித்தியாசம் சின்னதாக இருந்தால் ஏழுக்குப் போங்கள்.

மச்சானின் ராஸ்பெரி பை கெட்ட சாமான் அல்ல, இந்த வேலைக்குப் பொருத்தமில்லை. பை 5இல் வீடியோவை மாற்றி எழுதும் தனிப் பகுதியே கிடையாது. டிவிடி ஒன்றை ஒருவாறு இழுக்கும், 4கே வந்தால் திணறும். 5 வோல்ட் 5 அம்பியர் மின்வழங்கி, விசிறி, உறை, மெமரி கார்ட் எல்லாம் சேர்த்தால் பாவித்த மைக்ரோவின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் மெமரி கார்ட்டில் ஓடும் எதுவும் நீடிக்காது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின் அறுந்தால் கார்ட் பழுதாகும்.

கரண்ட் பில்லையும் பாருங்கள். மைக்ரோ பெட்டி சும்மா இருக்கும்போது 12 வாட் என்று வைத்தால் நாள் முழுக்க ஓடி மாதம் 8.6 யூனிட். பழைய டவர் 60 வாட் என்றால் 43 யூனிட். வீட்டு மின்கட்டணப் பட்டியல் 60, 90, 120, 180 யூனிட் என்று படிகளாக ஏறுகிறது. மாதம் 75 யூனிட் எரிக்கும் வீடு மைக்ரோவோடு 84இல் நிற்கும், டவரோடு 118க்குப் போகும். 90ஐத் தாண்டினால் யூனிட் விலையோடு நிலையான கட்டணமும் ஏறும். மலிவாக வாங்கிய டவர் மாதாமாதம் உங்களிடம் வட்டி வாங்கும்.

இனிக் கடையில். கிழக்கில் விற்கும் பாவித்த கம்பியூட்டர்களில் பெரும்பாலானவை வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்டவை, கொழும்பு வழியாக வருகின்றன. சாமான் பொதுவாக நல்லது. இடையில் கை மாறும்போதுதான் வில்லங்கம் நடக்கிறது: நல்ல ராமைக் கழற்றிச் சின்னதைப் போடுவார்கள், எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க்கை மாற்றுவார்கள், அசல் அடாப்டருக்குப் பதில் ஏதோ ஒன்றைச் செருகிக் கொடுப்பார்கள். காசு கொடுக்க முன்பு பெட்டியை உங்கள் கண் முன்னால் போடச் சொல்லுங்கள். ‘போட்டுப் பார்க்கத் தேவையில்லை, எல்லாம் செக் பண்ணியாச்சு’ என்று சொல்லும் கடையில் இருந்து எழும்பி வாருங்கள்.

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபோமன்ஸ் என்ற பக்கத்தில் சிபியூவின் முழுப் பெயர் இருக்கும், பக்கத்தில் ராம். பிறகு தம்பியின் வீடியோ ஒன்றைப் பென் டிரைவில் கொண்டுபோய் விஎல்சி என்ற வீடியோச் செயலியில் ஓட விடுங்கள். ஜிபியூ (படத்தைக் கையாளும் பகுதி) பக்கத்தில் ‘வீடியோ டிகோட்’ என்ற கோடு எழும்பி, சிபியூ கோடு கீழே படுத்துக் கிடந்தால் சரி. சிபியூ உச்சிக்குப் போனால் அந்தப் பெட்டி உங்களுக்கு இல்லை.

அடுத்தது பயோஸ், அதாவது வின்டோஸ் எழும்ப முன்பு வரும் கம்பியூட்டரின் அடிப்படை அமைப்புப் பக்கம். டெல் என்றால் போட்டவுடன் எஃப்2, எச்பி என்றால் எஃப்10, லெனோவோ என்றால் எஃப்1. உள்ளே போகும்போது பாஸ்வேர்ட் கேட்டால், பழைய கம்பெனி பூட்டிவிட்டுப் போயிருக்கிறது. ‘அது தேவைப்படாது’ என்பார்கள். உங்களுக்குக் கட்டாயம் தேவைப்படும். கரண்ட் போய் வந்ததும் பெட்டி தானாக எழும்ப வேண்டும் என்ற அமைப்பு அங்கேதான் இருக்கிறது. டெல்லில் ‘ஏசி ரிக்கவரி’ என்ற இடத்தில் ‘பவர் ஆன்’ என்று வைக்க வேண்டும். அது முடியாவிட்டால் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் யாராவது போய்ப் பொத்தானை அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் “படம் வருதில்ல” என்று அம்மா உங்களுக்குக் கோல் எடுப்பார். நேரமும் திகதியும் பிழையாகக் காட்டினால் உள்ளே உள்ள சிஆர்2032 பற்றரி செத்திருக்கிறது. விலை சின்னது, அங்கேயே மாற்றச் சொல்லுங்கள்.

டெல் அடாப்டரில் ஒரு சூட்சுமம். அதன் பிளக்கின் நடுவில் ஊசி போல மெல்லிய முள் ஒன்று உண்டு. அதன் வழியாகத்தான் ‘இது எங்கள் அடாப்டர்’ என்று கம்பியூட்டர் அறிகிறது. அந்த முள் முறிந்தாலோ போலி அடாப்டர் போட்டாலோ, போடும்போது அடாப்டர் தெரியவில்லை என்று எச்சரிக்கை வரும். விற்பவர் உடனே ஒரு கீயை அழுத்தி அதைக் கடந்துவிடுவார். கம்பியூட்டர் எழும்பும், ஆனால் வேகத்தைக் குறைத்துக்கொண்டுதான் ஓடும். ஆகவே போடும் நொடியிலேயே திரையைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

‘வின்டோஸ் 11 ஒரிஜினல்’ என்று ஏழாம் தலைமுறைப் பெட்டிக்குக் காசு கூட்டிக் கேட்டால் கொடுக்காதீர்கள். மைக்ரோசொஃப்ட் எட்டாம் தலைமுறையில் இருந்துதான் அதை ஏற்கிறது. வின்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. நன்றாக ஓடும் கோடிக்கணக்கான கம்பியூட்டர்களை இப்படிக் குப்பைக்குத் தள்ளுவது வேறு கதை. நீங்கள் வின்டோஸுக்குப் பதிலாக உபுண்டு அல்லது டெபியன் போட்டு, அதன் மேல் வீடியோக்களை டீவிக்கும் போனுக்கும் அனுப்பும் ஜெலிஃபின் என்ற மென்பொருளைப் போடுங்கள், இரண்டும் இலவசம். அதே வேலையைச் செய்யும் பிளெக்ஸ் இன்னும் அழகாக இருக்கும், ஆனால் குயிக் சிங்க் கொண்டு மாற்ற அது காசு கேட்கும். ஜெலிஃபின் போட்டதும் பிளேபேக் அமைப்பில் குயிக் சிங்க்கைத் தெரிவு செய்ய வேண்டும். அதை மறந்துவிட்டுப் பெட்டியைக் குறை சொல்கிறவர்கள்தான் அதிகம்.

பற்றுச்சீட்டில் மாடல், சிபியூவின் முழு எண், சீரியல் இலக்கம், எத்தனை மாத உத்தரவாதம் என்பதை எழுதி வாங்குங்கள். ‘கம்பியூட்டர் 1’ என்று மட்டும் எழுதித் தருவது இங்கே வழக்கமாகிவிட்டது. பிறகு பழுது என்று போனால் ‘கொழும்புக்கு அனுப்ப வேணும், மூன்று கிழமை ஆகும்’ என்பார்கள், பஸ் பார்சல் காசும் உங்கள் தலையில். கல்முனையில் வாங்கியவருக்குக் கொழும்பு எதற்கு என்று கேட்க ஆளில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்யலாம், இலக்கம் 1977, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். சரியான பற்றுச்சீட்டு இல்லாமல் அங்கே போய் நிற்பதில் பயனில்லை.

ஹார்ட் டிஸ்க்குக்கு வருவோம். சாதாரண டிவிடி ஒன்று நிறைந்திருந்தாலும் 4.7 ஜிபிதான். அறுபதும் சேர்த்து 282 ஜிபி. நொடிக்கு 30 பிரேம் என்று எடுத்த ஐபோன் 4கே வீடியோ நிமிடத்துக்கு ஏறத்தாழ 170 எம்பி, மணித்தியாலத்துக்கு 10 ஜிபி. ஆகவே 2 டிபி போர்ட்டபிள் டிஸ்க் உங்களுக்குப் பல வருடம் வரும். ஒன்றல்ல, இரண்டு வாங்குங்கள். ஒன்று பெட்டியில் செருகியபடி இருக்கும். மற்றதில் மாதம் ஒருமுறை பிரதி எடுத்து, கழற்றி அலுமாரியில் வையுங்கள். ‘16 டிபி எஸ்எஸ்டி’ என்று சில ஆயிரம் ரூபாவுக்கு இணையத்தில் வருவது முழுப் பொய். உள்ளே சின்ன மெமரி கார்ட் இருக்கும், நிறைந்ததும் பழைய கோப்பின் மேலேயே எழுதும், உங்கள் தாலி கட்டும் காட்சி போய்விடும். பாவித்த டிஸ்க் தந்தால் அது எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற செயலியில் பாருங்கள். வருடத்துக்கு 8,760 மணித்தியாலம். நான்கு வருடம் ஓடிய டிஸ்க்கைப் புதிது என்றால் அங்கே பிடிபடும்.

டிவிடி டிரைவ் உள்ள வேறொரு கம்பியூட்டரில் டிவிடிகளை இப்போதே பிரதி எடுங்கள், புதுப் பெட்டி வரும் வரை காத்திருக்க வேண்டாம். கடல் ஈரத்தில் தட்டின் பூச்சு வெளுத்துக்கொண்டு போகிறது. திக்குகிற தட்டை நடுவில் இருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைத்தால் கீறல் இன்னும் கெடுக்கும். ஒரு டிரைவில் வாசிக்காதது வேறொரு டிரைவில் வாசிக்கும்.

பெட்டியைக் கடல் பக்க யன்னலுக்குக் கிட்ட வைக்காதீர்கள், உப்புக்காற்று யூஎஸ்பி வாயைத் துருப்பிடிக்க வைக்கும். பொலித்தீன் சுற்றினால் ஈரம் உள்ளேயே நிற்கும். மார்கழி வெள்ளத்தை நினைத்து நிலத்தில் வைக்காமல் இருங்கள். ஹோல் டீவிக்கும் பெட்டிக்கும் ரவுட்டரில் இருந்து வயர் இழுங்கள், சுவர் தடித்த வீடுகளில் வைஃபையை நம்ப முடியாது. 650 விஏ யூபிஎஸ் ஒன்று பெட்டியையும் ரவுட்டரையும் அரை மணித்தியாலத்துக்கு மேல் தாங்கும். ரவுட்டருக்கென்று விற்கும் 12 வோல்ட் சின்ன யூபிஎஸ்ஸை இதற்குச் செருகாதீர்கள், மேலே சொன்ன டெல், எச்பி பெட்டிகள் கேட்பது 19.5 வோல்ட், லெனோவோ கேட்பது 20 வோல்ட். இடி முழங்கினால் யூபிஎஸ் இருந்தாலும் சுவரில் இருந்து பிளக்கைக் கழற்றுங்கள், தொலைபேசி வயரில் வரும் இணையம் என்றால் அந்த வயரையும்.

கட்டாரில் இருந்து தம்பியும் பார்க்க வேண்டும் என்று அடுத்துக் கேட்பீர்கள். ரவுட்டரில் போர்ட், அதாவது வெளியில் இருந்து உள்ளே வரும் வழி, திறந்து தருகிறேன் என்று காசு கேட்கிறவரிடம் கொடுக்காதீர்கள். 4ஜி இணைப்பில் பெரும்பாலும் அது வேலையும் செய்யாது, செய்தாலும் உலகம் முழுக்க உங்கள் கதவைத் தட்டும். டெயில்ஸ்கேல் என்ற இலவசச் செயலியைப் பெட்டியிலும் தம்பியின் போனிலும் போட்டால் போதும். அவர் பார்க்கும்போது மட்டும் உங்கள் டேட்டா கரையும்.