செல்லி பழிவாங்கவில்லை

அன்புள்ள ஐயா,

எங்கள் செல்லிக்கு ஆறு வயது. தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. குட்டியிலேயே பழகிவிட்டாள், காலை, சாயங்காலம், ராத்திரி பத்து மணி என்று கீழே போய்த்தான் ஒன்றுக்கு இருப்பாள். பத்து நாளாக ஹாலிலேயே போய்விடுகிறாள். ரெண்டு அடி வாங்கிய பிறகு இப்போது சோபாவுக்குப் பின்னால். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். குழந்தைமேல் பொறாமை, அதான் பழிவாங்குகிறது என்கிறார் என் கணவர். தண்ணீர் வேறு நிறையக் குடிக்கிறாள், கத்திரி வெயிலுக்குத்தான் போலிருக்கிறது. ராத்திரியில் கிண்ணத்தை எடுத்துவிடலாமா? கருத்தடை செய்யவில்லை. போன மாதம்தான் ஹீட், அதாவது இணைசேரும் பருவம், முடிந்தது. எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்துவிட்டது.

கே., மேற்கு மாம்பலம்

அன்புள்ள கே,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்காதீர்கள். நாளைக் காலையிலேயே செல்லியை டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

வெயிலுக்குத்தான் நிறையத் தண்ணீர் குடிக்கிறாள் என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரியும், ஹீட் முடிந்து ஒரு மாதம் என்ற வரியும் சேர்ந்து வருவதுதான் எனக்குக் கவலை. கருத்தடை செய்யாத பெட்டை நாய்க்கு, ஹீட் முடிந்த சில வாரங்களில் கருப்பையில் சீழ் கட்டுவதுண்டு. பயோமெட்ரா என்பார்கள். அப்போது தாகம் பெருகும், மூத்திரமும் பெருகும். அடக்கமுடியாமல் வீட்டுக்குள்ளேயே போய்விடும். சீழ் வெளியே வடியாமலும் இருக்கலாம், அதனால் ஒன்றும் தெரியவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். செல்லிக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்து டாக்டர் சொல்லட்டும். ஆனால் இதுவாக இருந்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியாது, உயிருக்கே ஆபத்து. சாப்பிடாமல் கிடந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, வயிறு உப்பினாலோ விடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை, மூத்திரப்பையில் கிருமி, கல் என்று வேறு காரணங்களும் இருக்கலாம். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தாலும் தாகம் கூடும். இவை எதற்கும் அடி மருந்தில்லை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் நாய் மணிக்கு அப்போது ஒன்பது வயது. ஹாலில் போனதும் அவனை இழுத்துவந்து, மூக்கைத் தரையருகே வைத்துத் திட்டினேன். காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு, வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு நின்றான். செய்த தப்பு தெரிகிறது என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்துப் பயந்து நின்றிருக்கிறான், அவ்வளவுதான். ஒரு நாள் காலையில் மொசைக் தரையில் சரியாகத் துடைக்காமல் விட்ட ஓரத்தில் வட்டமாகச் சிற்றெறும்பு மொய்த்திருந்தது. சர்க்கரை. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சாப்பாட்டோடு இன்சுலின் போட ஆரம்பித்ததும் ஹால் காய்ந்துவிட்டது. திட்டு வாங்கிய அந்த மூன்று வாரத்தை அவனுக்கு என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

செல்லி சோபாவுக்குப் பின்னால் போவதும் அந்தப் பயம்தான். உங்கள் எதிரில் போனால் அடி விழும், அதை மட்டும்தான் அவள் கற்றுக்கொண்டிருக்கிறாள். உங்கள் கணவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். குழந்தை வந்து வீட்டின் நேரங்காலம் மாறியதில் நாய் கலங்குவது உண்மை. ஆனால் அதையெல்லாம் உடம்பைப் பார்த்த பிறகுதான் யோசிக்க வேண்டும்.

போவதற்கு முன் இரண்டு வேலை. இன்று ராத்திரி முதல் தண்ணீரை அளந்து ஊற்றி, மிச்சத்தையும் அளந்து குறித்துவையுங்கள். ஒரு நாளில் கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால் அதிகம். செல்லி 15 கிலோ என்றால் ஒன்றரை லிட்டர். ஒரு நாள் கணக்கு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், காலைவரை உள்ளது போதும். அடுத்து, காலையில் முதலில் போகும் மூத்திரம். பழைய குழிக்கரண்டி ஒன்றைக் கழுவிக் காயவைத்து, நீளக் குச்சியில் கட்டி, அவள் குந்தியதும் பின்னாலிருந்து மெதுவாக நீட்டுங்கள். மருந்துக்கடையில் விற்கும் சாம்பிள் டப்பாவில் ஊற்றி உடனே எடுத்துப்போங்கள். தாமதமானால் ஃபிரிட்ஜில் வைக்கலாம்.

செலவை நினைத்துத் தயங்கினால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1903-ல் தொடங்கியது. அங்குள்ள மருத்துவமனையில் நம்மைப் போன்றவர்களின் நாய்களையும் பார்க்கிறார்கள்.

பினாயில் போட்டால் நம் மூக்குக்குத்தான் நாற்றம் போகும், அவள் மூக்குக்குப் போகாது. பிளீச்சிங் பவுடரை மூத்திரத்தின்மேல் கொட்டாதீர்கள், நச்சுப் புகை வரும். செல்லப்பிராணிக் கடைகளில் என்ஸைம் கிளீனர் கிடைக்கும். கைக்குழந்தை இருக்கும் வீடு, கையுறை போட்டுத் துடையுங்கள். எலிக்காய்ச்சல் நாயின் மூத்திரம் வழியாகவும் பரவும்.

ஒரு வார்த்தை, ஆண் நாய் வைத்திருப்பவர்களுக்கு. முக்கி முக்கிச் சொட்டுச்சொட்டாக வந்தாலோ, வராமலே போனாலோ, அது அடைப்பாக இருக்கலாம். அன்றைக்கே ஓட வேண்டும்.

கே, செல்லியை எங்கும் கொண்டுபோய் விடாதீர்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று நாளை ராத்திரி எனக்கு எழுதுங்கள்.