மொழியியல் படிக்கப் பத்து மொழி வேண்டுமா?

அன்புள்ள ஐயா,

நான் விளவங்கோடு வட்டத்தைச் சேர்ந்தவள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறேன். அப்பா பேசுவது தமிழ். அம்மா பாறசாலைக்காரர், மலையாளம் பேசுபவர். கேட் திறக்கும் சத்தம் கேட்டால் அம்மா ‘வந்நு’ என்பார். யார் என்று நாங்கள் கேட்க வேண்டும். அப்பா ‘வந்துட்டான்’ என்றால் தம்பி என்று தெரிந்துவிடும். இதையெல்லாம் கவனிப்பதில் எனக்கு ஆர்வம் அதிகம். உலக மொழிகள், இலக்கியம், மொழியியல் ஆகியவற்றைப் பல்கலைக்கழகத்தில் படிக்க ஆசை. வீட்டில் நர்சிங் படிக்கச் சொல்கிறார்கள். பத்து மொழி தெரிந்தவர்தான் மொழியியல் படிக்க முடியும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். அது சரியா?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள மகளுக்கு,

சரியில்லை. பத்து மொழி பேசும் சுற்றுலா வழிகாட்டிகளைக் கன்னியாகுமரிக் கடற்கரையில் காணலாம். அவர்களை யாரும் மொழியியலாளர் என்பதில்லை. வாசலில் நீ கவனித்த அந்த ஒரு வினைச்சொல்லிலேயே மொழியியலின் வேலை தொடங்கிவிட்டது.

‘ஞான் வந்நு, நீ வந்நு, அவள் வந்நு’ என்று மலையாள வினை யாருக்கும் மாறாமல் நிற்க, தமிழில் வந்தேன், வந்தாய், வந்தாள் என்று விகுதி ஆளைக் காட்டிவிடுகிறது. பழைய மலையாளச் செய்யுளில் இவ்விகுதிகள் இருந்தன, பிறகே உதிர்ந்தன. சங்கப் பாடல்களில் எழுவாயே இல்லாமல் வினைமுற்று மட்டும் ஆளைச் சுட்டும் இடங்கள் ஏராளம் என்பதால், அவற்றை மலையாளத்தில் பெயர்ப்பவர் மூலத்தில் இல்லாத ஓர் ‘அவளை’ எழுதிச் சேர்த்தாக வேண்டியிருக்கிறது.

ருஷ்ய மொழிக்குப் போனால் கணக்கு மீண்டும் மாறுகிறது. அதன் இறந்தகால வினை தன்மை, முன்னிலை என்ற இடத்தைக் காட்டாது, ஒருமையில் பாலைக் காட்டும். ‘நான் வந்தேன்’ என்பதை ஆண் ‘ப்ரிஷோல்’ என்றும் பெண் ‘ப்ரிஷ்லா’ என்றும் சொல்வார்கள். தன்மையில் அமைந்த ஒரு கவிதையில் பேசுபவர் பெண் என்று அந்த வினையே சொல்லிவிடும். தமிழில் ‘வந்தேன்’ என்று எழுதிய கணமே அது மறைந்துவிடும். மாஸ்கோவிலிருந்து மலிவு விலையில் வந்த தமிழ்ப் பதிப்புகளை விழுங்கி வளர்ந்த என் தலைமுறை, எதை இழந்தோம் என்றே தெரியாமல்தான் ருஷ்ய இலக்கியம் பேசிக்கொண்டிருந்தது. ஆகவே, ஆங்கில மொழிபெயர்ப்பில் இருபது ஆசிரியர்களின் பெயர்களை அறிமுகப்படுத்தும் உலக இலக்கியப் பாடத்தைவிட, ஒரே ஓர் அயல்மொழியை அதன் கவிதையைப் படிக்கும் அளவுக்குக் கற்பதே மேல் என்பது என் கட்சி.

ருஷ்யம், ஜெர்மன், ஸ்பானியம் போன்றவற்றை ஐதராபாத்தின் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்திலும், தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் இளங்கலையிலிருந்தே படிக்கலாம். நுழைவுத் தேர்வு உண்டு. அவ்வளவு தொலைவு அனுப்ப வீட்டார் தயங்கினால், இங்கேயே தமிழ் இளங்கலை முடித்துவிட்டு, மொழியியல் முதுகலைக்குச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கோ, கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகத்துக்கோ போகலாம். குழித்துறையில் ரயில் ஏறினால் திருவனந்தபுரம் ஒன்றும் தொலைவில்லை. நம் வடசேரியில் பிறந்த வ. அய். சுப்பிரமணியம் தலைமை தாங்கி வளர்த்தது அந்தக் கேரளப் பல்கலைக்கழக மொழியியல் துறையைத்தான். 1981-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானவரும் அவரே.

வேலையைப் பற்றி அப்பா கேட்பது நியாயம். நர்சிங் அளவுக்கு விரைவாக இதில் சம்பளம் வராது. ஆசிரியப் பணி, மொழிபெயர்ப்பு, அகராதிப் பணி, கணினிக்கு மொழி கற்பிக்கும் நிறுவனங்கள் என்று வழிகள் உண்டென்றாலும் முதல் சில ஆண்டுகள் இறுக்கமாகவே இருக்கும். இதை அவரிடம் மறைக்காமல் சொல்.

சேர்க்கைக்கு முன் ஒரு மாதம் கிடைத்தால், நோட்டுப் புத்தகம் ஒன்றை அடுக்களையில் வைத்துக்கொள். அம்மா அப்பாவிடம் பேசும்போதும் பாறசாலையில் உள்ள தம் வீட்டாரிடம் பேசும்போதும் வினைகள் எப்படி முடிகின்றன என்று, திருத்தாமல், காதில் விழுந்தபடியே எழுது. ‘வந்நு’ எப்போதாவது ‘வந்தான்’ ஆகிறதென்றால், அன்றைய தேதியையும் எதிரில் இருந்தவர் யார் என்பதையும் பக்கத்தில் குறித்துவை.